47ஆவது பந்துக்குப் பிறகு: ரொறன்ரோ புளூ ஜேஸும் பதில் கேட்கும் ரசிகர்களும்

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குச் சற்று முன்னர் ஸ்காபரோவிலிருந்து பெரியம்மாவின் மகன் அழைத்தார். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. அந்த நேரத்தில் கனடாவிலிருந்து அழைப்பு வந்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முதலில் நெஞ்சு திடுக்கிடும். யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று அம்மா கையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றார். அண்ணா சொன்னது ஒரே ஒரு சொல்தான்: "தோத்திட்டம்."

ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸிடம் 5-4 என்று 11 இன்னிங்ஸில் தோற்றிருந்தது. அண்ணா 1990களின் இறுதியில் வன்னியிலிருந்து போனவர். போன புதிதில் அவருக்குக் கிரிக்கெட்தான் எல்லாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பேஸ்போல் வீட்டுக்குள் வந்தது. இப்போது ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நீல நிறச் சட்டையோடு திரியும் ஆயிரக்கணக்கான எம்மவர்களில் அவரும் ஒருவர். கடந்த மூன்று ஆண்டுகளாக அவர் என்னோடு பேசும்போதெல்லாம் ஒரு முறைப்பாடு இருந்தது. அணி தோற்பது அவருக்குப் பிரச்சினை இல்லை. யார் முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று யாரும் நேராகச் சொல்வதில்லை என்பதுதான் அவரது முறைப்பாடு.

அந்த முறைப்பாடு எவ்வளவு தூரம் நியாயமானது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கிரிக்கெட் கண்ணால் பார்த்தால்

பேஸ்போல் தெரியாத வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் மூன்று ஆட்டமிழப்புகள். பந்துவீச்சாளர் ஒருவர் ஆட்டத்தைத் தொடங்குவார். கிரிக்கெட்டைப் போல ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவதில்லை. தொடங்கியவர் முடிந்தவரை தொடர்ந்து வீசுவார். அவரை எப்போது நிறுத்துவது என்பதை அணியின் முகாமையாளர் தீர்மானிப்பார்.

இதில் கிரிக்கெட்டுக்கும் பேஸ்போலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிரிக்கெட்டில் அணித்தலைவர் ஒருவரிடமிருந்து பந்தை வாங்கினாலும் பத்து ஓவர் கழித்துத் திரும்பக் கொடுக்கலாம். பேஸ்போலில் வெளியே எடுக்கப்பட்டவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. துடுப்பாட்ட வீரருக்கும் இதே விதிதான். அதனால்தான் முகாமையாளர் மைதானத்துக்குள் நடந்து வந்து பந்துக்காகக் கையை நீட்டும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் பேசுகிறார்கள்.

மினசோட்டாவில் நடந்தது

2023 ஒக்டோபர் 4. மினசோட்டா ட்வின்ஸ் அணியுடன் புளூ ஜேஸுக்கு இரண்டாவது ஆட்டம். மூன்று ஆட்டங்கள் கொண்ட அந்தச் சுற்றில் முதல் ஆட்டத்தில் ரொறன்ரோ 3-1 என்று தோற்றிருந்தது. இதிலும் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ரொறன்ரோவுக்காகப் பந்துவீசியவர் ஹோசே பெரியோஸ். மூன்று இன்னிங்ஸ்களில் ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. ஐந்து பேரைத் துடுப்பால் பந்தைத் தொடவிடாமலே அனுப்பியிருந்தார். நான்காவது இன்னிங்ஸின் முதல் ஆள் ரொய்ஸ் லூயிஸ் நான்கு பிழையான பந்துகளால் முதல் தளத்துக்கு நடந்து போனார். பெரியோஸ் அதுவரை வீசியது 47 பந்துகள். இரு அணிகளும் ஓட்டம் எதுவும் எடுத்திருக்கவில்லை. முகாமையாளர் ஜோன் ஸ்னைடர் வெளியே வந்தார். பெரியோஸிடமிருந்து பந்தை வாங்கி இடதுகைப் பந்துவீச்சாளர் யூசெய் கிகுச்சியிடம் கொடுத்தார்.

அந்த இன்னிங்ஸிலேயே ட்வின்ஸ் இரண்டு ஓட்டங்கள் எடுத்தது. ஆட்டம் 2-0 என்று முடிந்தது. ரொறன்ரோவின் பருவமும் முடிந்தது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெரியோஸ் அதே ட்வின்ஸ் அணியிலிருந்து 2021 ஜூலையில் பெறப்பட்டவர். அவருக்காக ரொறன்ரோ கொடுத்தது ஒஸ்ரின் மார்ட்டின், சிமியோன் வூட்ஸ் ரிச்சர்ட்சன் என்ற இரண்டு இளம் வீரர்களை. மார்ட்டின் 2020 வீரர் தெரிவில் ஐந்தாவதாகத் தெரிவானவர். பெரியோஸை வாங்கிய சில மாதங்களில் ஏழு ஆண்டுகளுக்கு 131 மில்லியன் அமெரிக்க டொலர் ஒப்பந்தமும் கொடுத்தார்கள். பெரிய ஆட்டங்களில் பந்துவீசத்தான் அவ்வளவு விலை. அந்தப் பெரிய ஆட்டம் வந்தது. அவர் நன்றாக வீசிக்கொண்டிருந்தார். அவரை வெளியே எடுத்தார்கள்.

எண்களின் பக்கம் நின்று பார்த்தால்

ரசிகனின் கோபத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது எளிது. ஆனால் முடிவு எடுத்தவர்களின் நியாயத்தையும் கேட்க வேண்டும். அது முட்டாள்தனமான நியாயம் அல்ல.

பேஸ்போலில் நீண்டகாலமாக அளந்து பார்க்கப்பட்ட ஒரு விடயம் உண்டு. ஒரே பந்துவீச்சாளரை ஒரு துடுப்பாட்ட வீரர் முதல் தடவை சந்திக்கும்போது திணறுவார். இரண்டாவது தடவை கொஞ்சம் பழகுவார். மூன்றாவது தடவை அவருக்குப் பந்து தெரியத் தொடங்கிவிடும். இடதுகை, வலதுகைக் கணக்கும் அப்படித்தான். இடதுகைத் துடுப்பாட்ட வீரருக்கு இடதுகைப் பந்துவீச்சு பொதுவாகக் கடினம். ட்வின்ஸ் அணியின் வரிசையில் இடதுகையர் பலர் இருந்தார்கள். கிகுச்சியைக் கொண்டுவந்தால் அவர்கள் திணறுவார்கள், அல்லது ட்வின்ஸ் தன் நல்ல ஆட்களை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மாற்ற வேண்டிவரும் என்பது திட்டம். இது ஆட்டத்துக்கு முன்னரே வகுக்கப்பட்ட திட்டம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரொறன்ரோ அன்று தோற்றதற்கு முதற்காரணம் அது ஓர் ஓட்டமும் எடுக்காததே. ஐந்தாவது இன்னிங்ஸில் அணியின் நட்சத்திரம் விளாடிமிர் குரேரோ இரண்டாம் தளத்தில் கவனம் தவறி நின்று ஆட்டமிழந்தார். இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து ரொறன்ரோ எடுத்தது ஒரேயொரு ஓட்டம். பெரியோஸ் ஒன்பது இன்னிங்ஸும் வீசியிருந்தாலும் ஓட்டம் எடுக்காத அணி வெல்லாது.

ஆகவே, முடிவு பிழைத்ததால் அது பிழையான முடிவு என்று சொல்வது சரியான விமர்சனம் அல்ல. அந்த நிமிடத்தில் கண்ணுக்கு முன் என்ன இருந்தது, அது கணக்கில் எடுக்கப்பட்டதா என்றுதான் கேட்க வேண்டும். ஒருவர் சராசரியாக எப்படி வீசுவார் என்பதை எண்கள் சொல்லும். அன்று, அந்த மைதானத்தில், அவரது பந்து எப்படி வருகிறது என்பதைப் பார்க்கத்தான் முகாமையாளர் என்ற ஒருவர் அங்கே நிற்கிறார். பெரியோஸ் அன்று தடுமாறவில்லை. அவர் தடுமாறுவதற்கு முன்னரே, தடுமாறுவார் என்ற கணக்கில் நிறுத்தப்பட்டார்.

இது ரொறன்ரோவின் நோய் மட்டுமல்ல. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டம்பா பே ரேஸ் அணியின் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, டொட்ஜர்ஸைக் கட்டிப்போட்டிருந்தார். 1-0 முன்னிலை. ஒருவர் தளத்தை அடைந்ததும் முகாமையாளர் கெவின் காஷ் அவரை வெளியே எடுத்தார். அடுத்து வந்த மூக்கி பெட்ஸை ஸ்னெல் அன்று இரண்டு தடவை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். புதிய பந்துவீச்சாளரிடம் பெட்ஸ் இரட்டைத் தள அடி அடித்தார். டொட்ஜர்ஸ் 3-1 என்று வென்று கிண்ணத்தையும் எடுத்தது. இரண்டு மாதங்களில் ஸ்னெல்லை ரேஸ் அணி சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டது.

கை காட்டும் விளையாட்டு

2023 தோல்விக்குப் பிறகு நடந்ததுதான் ரசிகர்களை அதிகம் புண்படுத்தியது. சக வீரர்கள் சிலர் அந்த முடிவைப் பற்றிய தங்கள் அதிருப்தியை மறைக்கவில்லை. பருவ இறுதிச் செய்தியாளர் சந்திப்பில் பொது முகாமையாளர் ரொஸ் அட்கின்ஸ், அது ஸ்னைடரின் முடிவு என்ற வகையிலேயே பதில் சொன்னார். ஆனால் இத்தகைய திட்டங்கள் முகாமையாளர் ஒருவர் தனியே அமர்ந்து போடுபவை அல்ல. தரவு ஆய்வாளர்களும் அலுவலகமும் சேர்ந்த ஒரு முறைமையிலிருந்து வருபவை என்பது பேஸ்போலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். திட்டம் எல்லோருடையதாகவும் பழி ஒருவருடையதாகவும் ஆகும்போது ரசிகன் தான் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறான்.

தீர்மானம் யாருடையது என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டும் காட்சி இந்தப் பக்கத்து வாசகர்களுக்குப் புதிதல்ல. எங்களுடையவை உயிரும் காணியும் சம்பந்தப்பட்ட கேள்விகள். அவற்றோடு ஒரு பந்தாட்டத்தை ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவரைத் தேடிக் களைத்துப்போன ஒரு சமூகத்திலிருந்து போனவர்கள், போன இடத்திலும் அந்தக் கேள்வியை விடாமல் கேட்பதில் எனக்கு வியப்பில்லை.

ஊடகம் படித்தவள் என்ற முறையில் ஒன்றையும் கவனிக்கிறேன். புளூ ஜேஸ் அணியின் உரிமையாளர் ரொஜர்ஸ் கொம்யூனிகேஷன்ஸ் நிறுவனம். ஆட்டம் நடக்கும் ரொஜர்ஸ் சென்ரர் மைதானமும், ஆட்டத்தை ஒளிபரப்பும் ஸ்போர்ட்ஸ்நெற் தொலைக்காட்சியும் அதே நிறுவனத்தினுடையவை. அங்கே வேலை செய்யும் செய்தியாளர்களில் நேர்மையாகக் கேள்வி கேட்பவர்கள் உண்டு; 2023இல் அப்படிக் கேட்கவும் செய்தார்கள். ஆனாலும் அணியும் மைதானமும் கமராவும் ஒரே கையில் இருக்கும்போது, ரசிகன் தன் பங்குக்குச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லதுதான்.

கைமாற்றங்களின் கணக்கு

பந்துவீச்சு மாற்றம் ஒரு நிமிடத்து முடிவு. வீரர்களைக் கைமாற்றுவது ஆண்டுகளுக்கான முடிவு. பேஸ்போலில் ஓர் அணி தன் வீரரை மற்ற அணிக்குக் கொடுத்து வேறொருவரை வாங்கலாம். பெரும்பாலான வீரர்களிடம் சம்மதம் கேட்கத் தேவையில்லை. பெரிய லீக்கில் பத்து ஆண்டுகள் ஆடி, கடைசி ஐந்து ஆண்டுகளை ஒரே அணியில் கழித்தவருக்கே மறுக்கும் உரிமை தானாக வருகிறது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியவர்களும் மறுக்கலாம். மற்றவர்கள் சொன்ன நகரத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டியதுதான்.

ரொறன்ரோ ரசிகர்களை அதிகம் எரிச்சலூட்டியவை 2022 இறுதியில் நடந்த இரண்டு கைமாற்றங்கள். நவம்பரில் தியோஸ்கார் ஹெர்னாண்டஸை சியாட்டிலுக்குக் கொடுத்து எரிக் ஸ்வொன்சன், அடம் மாக்கோ என்ற இரண்டு பந்துவீச்சாளர்களை வாங்கினார்கள். டிசெம்பரில் இளம் கச்சர் கேப்ரியல் மொரேனோவையும் லூர்டஸ் குரியலையும் அரிசோனாவுக்குக் கொடுத்து டோல்ற்றன் வார்ஷோவை வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டே மொரேனோவும் குரியலும் அரிசோனாவோடு உலகத் தொடருக்குப் போனார்கள். ரொறன்ரோ மினசோட்டாவில் வெளியேறியது. ஹெர்னாண்டஸ் டொட்ஜர்ஸுக்குப் போய் 2024இல் கிண்ணம் வென்றார். 2025இல் அதே ரொறன்ரோ மைதானத்துக்கு எதிரணி வீரராக வந்து இறங்கினார். "எங்கட பெடியனைக் குடுத்திட்டு அவனிட்டையே அடி வாங்குறம்" என்று அண்ணா சொன்னது இதைத்தான்.

ஆனால் இந்த இரண்டு கைமாற்றங்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். மொரேனோவைக் கொடுத்தபோது ரொறன்ரோவிடம் அலெஹாண்ட்ரோ கேர்க், டனி ஜான்சன் என்று வேறு இரண்டு கச்சர்கள் இருந்தார்கள். மிச்சம் இருந்ததைக் கொடுத்துக் குறைவாக இருந்ததை வாங்கினார்கள். வார்ஷோ 2024இல் களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது வென்றார். 2025 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஸ்கோரைச் சமப்படுத்திய ஹோம் ரன்னும் அவருடையதே. அதை அவர் அடித்தது, இப்போது டொட்ஜர்ஸில் இருக்கும் அதே பிளேக் ஸ்னெல்லின் பந்தில். 2023இல் தோல்வியாகத் தெரிந்த வியாபாரம் 2025இல் வேறு மாதிரித் தெரிகிறது.

ஹெர்னாண்டஸ் விடயம் அப்படியல்ல. அடிக்கக்கூடிய ஒருவரைக் கொடுத்துப் பந்துவீச்சாளர்களை வாங்கிய அணி, அடுத்த ஒக்டோபரில் இரண்டு ஆட்டங்களில் ஒரே ஓர் ஓட்டம் எடுத்தது. எதைக் கொடுத்தோமோ அதுவே இல்லாமல் தோற்றோம் என்று ரசிகன் சொன்னால் அதை மறுப்பது கடினம்.

2025: மாறியது எது?

2020, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ரொறன்ரோ இறுதிக்கட்டத்துக்குத் தெரிவாகி, ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. 2022இல் சியாட்டிலுக்கு எதிராக 8-1 என்று முன்னிலையில் இருந்தபோது கெவின் கோஸ்மனை ஆறாவது இன்னிங்ஸில் வெளியே எடுத்து, கடைசியில் 10-9 என்று தோற்றதும் அதில் அடக்கம். 2024இல் 74 வெற்றி, 88 தோல்வி. பிரிவில் கடைசி இடம். 2025இல் 94 வெற்றிகளுடன் முதலிடம். 1993க்குப் பிறகு முதல் தடவையாக உலகத் தொடர்.

பந்துவீச்சு முடிவுகளில் ஏதாவது மாறியதா? ஒரு காட்சியைச் சொல்லலாம். 2025 ஒக்டோபர் 16, சியாட்டிலில் நான்காவது ஆட்டம். 41 வயது மக்ஸ் ஷேர்சர் வீசிக்கொண்டிருந்தார். ஐந்தாவது இன்னிங்ஸில் ஸ்னைடர் அவரை நோக்கி நடந்தார். பந்தைக் கொடுக்க மாட்டேன் என்று ஷேர்சர் முகாமையாளரின் முகத்துக்கு நேரே சத்தமிட்டார். ஸ்னைடர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஷேர்சர் அடுத்த ஆளை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ரொறன்ரோ 8-2 என்று வென்றது. மினசோட்டாவில் பெரியோஸிடமிருந்து பந்தை வாங்கிய அதே மனிதர்தான் இவர்.

அதற்காக ஸ்னைடர் திருந்திவிட்டார் என்று எழுதிவிட முடியாது. அடுத்த நாளே ஐந்தாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் பிரெண்டன் லிட்டிலைக் கொண்டுவந்த முடிவு பிழைத்து, ஆட்டம் 6-2 என்று கையைவிட்டுப் போனது. ஏழாவது ஆட்டத்தில் சக்கரம் மறுபக்கம் சுழன்றது. சியாட்டில் முகாமையாளர் தன் மிகச் சிறந்த இறுதிப் பந்துவீச்சாளரைக் கூப்பிடாமல் வேறொருவரைக் கூப்பிட, ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். ரொறன்ரோ 4-3 என்று வென்று உலகத் தொடருக்குப் போனது. அன்று சியாட்டில் ரசிகன் கேட்ட கேள்வி, 2023இல் ரொறன்ரோ ரசிகன் கேட்டதேதான்.

பிறகு அந்த நவம்பர் இரவு. ரொறன்ரோ 4-3 முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸ். கிண்ணத்துக்கு இன்னும் இரண்டு ஆட்டமிழப்புகள். ஜெஃப் ஹொஃப்மன் வீசிய ஸ்லைடரை, ஹோம் ரன்னுக்குப் பெயர் பெறாத மிகுவேல் ரோஹாஸ் வேலிக்கு அப்பால் அடித்து ஆட்டத்தைச் சமப்படுத்தினார். 11ஆவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்தார். அதை விட்டுக்கொடுத்த ஷேன் பீபரும் அந்த ஜூலையில் கைமாற்றத்தில் வாங்கப்பட்டவர்.

அந்த இரவில் இன்னொரு முடிவும் இருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில், முழங்கால் காயத்தோடு ஆடிய போ பிசெட்டுக்குப் பதிலாக ஓடுவதற்கு ஐசையா கைனர்-ஃபலேஃபா இறக்கப்பட்டார். நொண்டும் ஒருவரை ஓடவிட முடியாது. ஆகவே அது நியாயமான முடிவு. கைனர்-ஃபலேஃபா வெற்றி ஓட்டத்துக்காக ஓடி, மயிரிழையில் ஆட்டமிழந்தார். 11ஆவது இன்னிங்ஸில் குரேரோ இரண்டாம் தளத்தில் நிற்க, அடுத்து துடுப்பெடுக்க வேண்டிய இடம் பிசெட்டினுடையது. அன்று ஒட்டானியின் பந்தில் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தவர் அவர். ஆனால் வெளியே போனவர் திரும்ப முடியாது. வந்தது கைனர்-ஃபலேஃபா; பந்தைத் தட்டிக் குரேரோவை மூன்றாம் தளத்துக்கு நகர்த்த மட்டுமே முடிந்தது. சற்று நேரத்தில் கேர்க் அடித்த பந்து இரட்டை ஆட்டமிழப்பாகி எல்லாம் முடிந்தது.

சரியான முடிவுக்கும் விலை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மறுபக்கத்தில் டொட்ஜர்ஸ், முதல் நாள் ஆறாவது ஆட்டத்தில் 96 பந்துகள் வீசிய யொஷினோபு யமமோட்டோவையே திரும்பக் கூப்பிட்டது. எந்தக் கணக்கும் அதைப் பரிந்துரைத்திராது. அவர் கடைசி வரை வீசி வென்றார். தோற்றிருந்தால் லொஸ் ஏஞ்சல்ஸ் ரசிகன் இன்று என்ன எழுதிக்கொண்டிருப்பான் என்று ஊகிப்பது கடினமல்ல.

ரசிகனுக்கு உரியது

அண்ணாவோடு அன்று ஒரு மணித்தியாலம் பேசினேன். 2023இல் அவரிடம் இருந்த கசப்பு இந்தத் தடவை இல்லை. கவலை இருந்தது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். இம்முறை அவர்கள் ஆடித் தோற்றார்கள், அந்த முறை ஆடவிடாமல் தோற்கடித்தார்கள் என்றார்.

அந்தப் பதிலில் ஒரு நியாயமான அளவுகோல் இருக்கிறது. வெற்றி கேட்பது ரசிகனின் ஆசை. அதை யாரும் உறுதியளிக்க முடியாது. அவனுக்கு உரியவை வேறு. முடிவு எடுத்தவர் அது தன்னுடையது என்று சொல்ல வேண்டும். என்ன காரணத்தால் எடுத்தார் என்பதை, தோல்வியின் பிறகும், அதே காரணமாகச் சொல்ல வேண்டும். களத்தில் நிற்பவனின் அன்றைய நிலை அந்தக் காரணத்துக்குள் இருந்ததா என்று கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

பெரியோஸ் 2025 உலகத் தொடரில் ஆடவில்லை. பருவத்தின் கடைசியில் முழங்கைக் காயத்தால் ஒதுங்கியிருந்தார். மினசோட்டாவில் அந்த 48ஆவது பந்தை வீசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு இனி யாரிடமும் விடை கிடையாது. ஏன் வீசவிடவில்லை என்பதற்கு மட்டும் விடை இருந்தது. அதை அந்த வாரமே, சம்பந்தப்பட்ட எல்லோரும் ஒன்றாக இருந்து சொல்லியிருக்கலாம்.